ஒன்பது துண்டு மூளை மாதிரி: ரங்கூன் டியூஷனில் ஏழு வருடம்

2018-இல் ரங்கூனில் மருத்துவப் பொருள் விற்கும் ஒரு கடையில் இந்த மூளை மாதிரியை வாங்கினேன். சீனத் தயாரிப்பு, பிளாஸ்டிக், நிஜ அளவு. இடப்பாதி, வலப்பாதி என்று பிரிந்து, ஒவ்வொரு பாதியும் நான்காகக் கழலும். ஒன்பதாவது துண்டு, மூளைத்தண்டின் முன்புறம் ஏறுகிற சிவப்புத் தமனி; சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. வீட்டு மாடியில் மாலை நேரத்தில் உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். ஏழு வருடமாக இது என் பிள்ளைகள் கையில் புழங்குகிறது. வாங்கலாமா என்று பல ஆசிரியர்கள் கேட்கிறார்கள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கம்பிகள் இரண்டாம் வருடமே தளர்ந்துவிட்டன. பெட்டியைப் பிரித்தபோதே ஒரு கம்பி இல்லை. கடைக்குப் போய்க் கேட்டேன்; பெட்டியைப் பிரித்துவிட்டால் எங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. தீக்குச்சியை நறுக்கி அந்த ஓட்டையில் செருகினேன், இன்றுவரை நிற்கிறது. துண்டுகளில் இருந்த எண்கள் கை வியர்வையில் அழிந்துபோயின. அதில் எனக்கு வருத்தம் இல்லை. எண் இருந்தவரை எண்ணைப் பார்த்துப் பெயர் சொன்ன பிள்ளைகள், இப்போது மடிப்பையும் பள்ளத்தையும் தடவிப் பார்த்து இது பக்கமடல், இது சிறுமூளை என்று சொல்கிறார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்தச் சிவப்புத் துண்டுதான். ஒவ்வொரு வருடமும் யாராவது அதைக் கையில் எடுத்து, "சயாமா, இதுதானே நரம்பு?" என்று கேட்டுவிடுவார்கள். சயாமா என்றால் பர்மியத்தில் டீச்சர். பிள்ளையைக் குறை சொல்லி என்ன? வீட்டில் நாம் பேசும் தமிழில் நர்ஸ் ஊசி போடத் தேடுவதும் நரம்பு, புறங்கையில் பச்சையாகப் புடைப்பதும் நரம்பு. பர்மியத்திலும் அப்படித்தான்: துவேஜோ என்றால் ரத்தக்குழாய், ஆயோன்ஜோ என்றால் நரம்பு, இரண்டும் ஒரே ‘ஜோ’வில் முடியும். அதனால் இப்போதெல்லாம் பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தமனி குழாய், உள்ளே ரத்தம் ஓடுகிறது. நரம்பு, நியூரான்கள் என்ற நரம்புச் செல்களின் நீண்ட இழைகளைச் சேர்த்துக் கட்டிய கட்டு, அதில் ஓடுவது மின் துடிப்பு. மையலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய தடித்த இழையில் அது நொடிக்கு 100 மீட்டருக்கும் மேல் பாயும். உறையில்லாத மெல்லிய இழையில் 1 மீட்டர் அளவுதான். காலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்றும், கொஞ்சம் பொறுத்து மந்தமாகவும் வலிக்கிறதே, அந்த இரண்டு வலியும் வெவ்வேறு வேகமுள்ள இழைகளில் வருகின்றன என்றதும் எல்லோரும் குனிந்து தங்கள் காலைப் பார்ப்பார்கள்.

மாதிரி சொல்லும் பெரிய பொய், அதன் கெட்டித்தன்மை. ‘மூளை எலும்பு போல உறுதியானது’ என்று ஒரு பையன் நோட்டில் எழுதியிருந்ததைப் பார்த்த பிறகுதான் கறிக்கடைக்குப் போனேன். "அவசரத்துல பொளந்தா சிதைஞ்சிரும் டீச்சரம்மா. முந்தின நாளே சொல்லி வைங்க, முழுசா எடுத்துத் தாரேன்" என்றார் பாய். அன்று முதல் வருடத்துக்கு ஒரு தடவை ஆட்டு மூளை வருகிறது. கையுறை போட்டு விரலால் மெல்லத் தொட்ட ஒருத்தி, "தோஹு மாதிரி இருக்கு சயாமா!" என்று கையை இழுத்துக்கொண்டாள். தோஹு, இங்கே கடலைமாவில் செய்யும் மெத்தென்ற பண்டம். மண்டையோடு, மூன்று சவ்வுகள், மூளைத் தண்டுவடத் திரவம், இத்தனை காவல் எதற்கு என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. சைவ வீட்டுப் பிள்ளைகளைத் தொடச் சொல்லி வற்புறுத்துவதில்லை. அவர்கள் மாதிரியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். ஆட்டுக்குச் சிறுமூளை பின்னால் வெளியே தெரிகிறது, நமக்குப் பெருமூளை அதன்மேல் கவிந்திருக்கிறது என்று கண்டுபிடித்தது அப்படி உட்கார்ந்திருந்த பிள்ளைதான்.

எடையிலும் மாதிரி ஏமாற்றும், உள்ளே வெற்று. மனித மூளை 1.3 முதல் 1.4 கிலோ. நம் ஊர்க் கணக்கில் ஒரு வீசைக்கு (சுமார் 1.6 கிலோ) கொஞ்சம் குறைவு. அந்த எடைக்கு அரிசியைப் பையில் கட்டிக் கையில் கொடுக்கிறேன். கரண்ட் போனால் வீடியோ நின்றுவிடுகிறது, இந்த மூளை மாதிரியோ மெழுகுவத்தி வெளிச்சத்திலும் வேலை செய்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. மூளையின் இடப்பாதி வலது கை காலையும் வலப்பாதி இடது கை காலையும் இயக்கும்படி இழைகள் பக்கம் மாறுவதை இதில் காட்ட முடியாது. போன வருடம் ஒரு பையன் இடப்பாதியைக் கழற்றி வைத்துக்கொண்டு, "அப்பாயிக்கு வலது கைதான் விளங்கலை, பேச்சும் வரலை. அப்ப அடைப்பு இந்தப் பக்கமா?" என்று கேட்டான். சிவப்பும் நீலமுமாக இரண்டு கம்பளி நூலை எடுத்து, மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் அடியில் ஒன்றையொன்று குறுக்காகத் தாண்டவிட்டுக் காட்டினேன். பாரிஸில் 1861-இல் புரோக்கா என்ற மருத்துவர், ஏறக்குறைய ஒரே அசையைத் தவிர வேறெதுவும் பேச முடியாமல் இருந்து இறந்த ஒருவரின் மூளையைப் பார்த்து, இட முன்மடலில் பழுதைக் கண்டதையும் சொன்னேன். "அப்ப நாங்க பேசுறது அவங்களுக்குப் புரியுமா?" என்றான். அந்த இடம் மட்டும் அடிபட்டவர்களுக்குப் பெரும்பாலும் நிறையவே புரியும், அப்பாயியைப் பார்க்கும் டாக்டரிடம் கேள் என்றேன். வகுப்பு முடியும்வரை அந்தத் துண்டை அவன் கீழே வைக்கவில்லை.

வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒன்பது துண்டையும் கழற்றிப் பாருங்கள், கம்பிகளை எண்ணுங்கள், அந்தச் சிவப்புத் துண்டைத் தனி டப்பாவில் போட்டு வையுங்கள். கூடவே கம்பளி நூலும் இரண்டு நிறத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.