கிளாங் கிராஷ் ஆனால் சி-வைஸா, எல்.எல்.வி.எம்.-ரெட்யூஸா?

வெக்டர் மதிப்புகளை (பல எண்களை ஒன்றாகக் கட்டியவை) வாங்கித் தரும் ஃபங்ஷனில் சி, சி++ கம்பைலரான கிளாங் கிராஷ் ஆகும்போது இரண்டு கோப்புகளை விட்டுச் செல்கிறது: ப்ரீபிராசஸ் செய்த (இன்க்ளூட், மேக்ரோ எல்லாம் விரித்த) மூல நிரல், அதை மறுபடி ஓட்டும் ஸ்கிரிப்ட். அந்த மூல நிரல் பல ஆயிரம் வரிகள் நீளும். பத்து வரியாகச் சுருங்காதவரை பிழை யார் கண்ணிலும் படாது.

சுருக்குவதற்கு இரு வழிகள் உண்டு. சி-ரெட்யூஸ் யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவானது. அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2012இல் வந்தது. அதன் பைத்தான் வாரிசு சி-வைஸ். இவை மூல நிரலைக் கத்தரிப்பவை. எல்.எல்.வி.எம்.-ரெட்யூஸ் கத்தரிப்பது இடைநிலை நிரலை: கிளாங்கின் முன்பகுதி மூல நிரலைப் படித்து அதை உருவாக்கும், பின்பகுதி அதை இயந்திர நிரலாக்கும். எது வேகம் என்பதைவிட, பிழை எந்தப் பாதியில் இருக்கிறது என்பதே முதல் கேள்வி. அழைப்பு மரபை, அதாவது ஃபங்ஷன்களுக்கிடையே மதிப்புகள் எப்படிப் போகும் என்பதை, கிளாங் ஒரே இடத்தில் முடிவு செய்வதில்லை. லினக்ஸ் x86-64இல் ஒரு மதிப்பு ரெஜிஸ்டரில் போகிறதா, நினைவகத்தில் போகிறதா என்பதை முன்பகுதி தீர்மானிக்கிறது. எந்த ரெஜிஸ்டர் என்பதைப் பின்பகுதி தீர்மானிக்கிறது.

ஆகவே ஆப்டிமைசேஷன் பாஸ்களை (நிரலை வேகமாக்கும் படிகளை) நிறுத்திவிட்டு, இடைநிலை நிரலை மட்டும் வெளியிடச் சொல்லுங்கள். அப்போதும் கிராஷ் ஆனால் பிழை முன்பகுதியில், சி-வைஸ்தான் வழி. நிரல் ஒழுங்காக வெளிவந்தால் எல்.எல்.வி.எம்.-ரெட்யூஸை எடுங்கள். இதை ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் நிலையில் செய்ய வேண்டும். ஆப்டிமைசேஷன் இல்லாத ஓ0இல் ஒவ்வொரு ஃபங்ஷன் மேலும் 'ஆப்ட்நன்' முத்திரை விழும். பிறகு பெரும்பாலான ஆப்டிமைசேஷன்கள் அதைத் தொடாது, கிராஷும் மறைந்துபோகும்.

வெக்டர் பிழைகளில் எல்.எல்.வி.எம்.-ரெட்யூஸுக்கு ஒரு பெரிய பொறி உண்டு. ஏ.வி.எக்ஸ். (256 பிட் வெக்டர்களைக் கையாளும் சிபியு கட்டளைகள்) வசதி இருக்கிறது என்ற செய்தி ஒவ்வொரு ஃபங்ஷனின் பண்புகளில்தான் எழுதப்பட்டிருக்கிறது. சுருக்கும்போது கருவி அதையும் வெட்டிப் பார்க்கும். வெட்டினால், நான்கு டபிள் கொண்ட 256 பிட் வெக்டர் ஒரே ஒய்.எம்.எம். ரெஜிஸ்டரில் போகாமல் இரண்டு 128 பிட் எக்ஸ்.எம்.எம். ரெஜிஸ்டர்களாகப் பிளக்கப்படும். சி மூலத்திலிருந்து ஏ.வி.எக்ஸ். இல்லாமல் கம்பைல் செய்திருந்தால் அதே மதிப்பு நினைவகம் வழியாகப் போயிருக்கும். எந்த உண்மையான நிரலிலும் வராத ஒரு மரபை வைத்துக்கொண்டு நாம் பிழை தேடிக்கொண்டிருப்போம்!

பிழை இன்னும் இருக்கிறதா என்று ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கருவி ஓட்டும் சோதனை ஸ்கிரிப்டில் ஏ.வி.எக்ஸை எல்லா ஃபங்ஷன்களுக்கும் சேர்த்துப் போடுவது எளிய தீர்வாகத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடில்லை. அழைக்கும் ஃபங்ஷனுக்கும் அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கும் வசதிகள் வேறுபடுவதே இத்தகைய பல பிழைகளின் வேர். எல்லாவற்றுக்கும் ஏ.வி.எக்ஸ். போடும் அந்தக் கட்டளைத் தேர்வு (flag) இந்த வேறுபாட்டை அழித்துவிடும். பண்புகளை வெட்டும் பாஸ்களை மட்டும் தவிர்க்கச் சொல்வதே சரி.

சி-வைஸுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் அது ஒரு கிராஷிலிருந்து இன்னொரு கிராஷுக்குத் தாவிவிடும். எந்தக் கருவியானாலும், 'கிராஷ் ஆகிறதா' என்று மட்டும் சோதிக்காமல் அதே அசெர்ஷன் (கம்பைலர் தன்னைத்தானே சரிபார்க்கும் சோதனை) வாசகம் வருகிறதா என்று பாருங்கள். அதற்கு அசெர்ஷன் இயக்கிய கம்பைலர் தேவை.

குனு கம்பைலரான ஜி.சி.சி. என்றால் போட்டியே இல்லை, சி-வைஸ்தான்; எல்.எல்.வி.எம். இடைநிலை நிரல் அங்கே இல்லை. விண்டோஸ் x64இல் ஸ்டாக்குக்கு 16 பைட் சீரமைப்புக்கே (முகவரி 16இன் மடங்காக இருப்பதற்கே) உத்தரவாதம் உண்டு. அங்கே 32 பைட் கேட்கும் ஏ.வி.எக்ஸ். நகர்வுக் கட்டளையை ஜி.சி.சி. ஸ்டாக்கில் இட்டு, உருவான நிரல் விழுவது பழைய, அறியப்பட்ட பிழை. இங்கே விழுவது கம்பைலர் அல்ல, அது தந்த நிரல். அதனால் சோதனையில் நிரலை ஓட்டிப் பார்க்காமல் அசெம்பிளியில் அந்தக் கட்டளையைத் தேடுங்கள். ஓட்டினால், சி-வைஸ் ஏதாவது ஒரு நல் (null, எதையும் சுட்டாத) பாயிண்டரை உண்டாக்கி அதையே பிழை என்று காட்டும்.