மஞ்சள் கல்லை நம்புவதா, ஓடும் வேகத்தை நம்புவதா?

சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரே ரோடு. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறினால் கடைசிவரை நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம். 2010-ல் புது எண்கள் வரும்வரை அது முழுக்க என்.எச். 45. இப்போது திண்டிவனம் வரை 32, விழுப்புரம் வரை 132, அதற்கப்புறம் 38. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இதைத் திருத்த உட்கார்ந்தால் இரண்டு தகராறு வரும்: என்ன தரம் கொடுப்பது, எண்ணை எங்கே எழுதுவது.

தரத்தை முதலில் பார்ப்போம். ட்ரங்க், பிரைமரி, செகண்டரி என்ற படிக்கட்டு பிரிட்டனில் பிறந்தது. திட்டமே 2004-ல் அங்கே தொடங்கியதுதானே. பச்சைப் பலகை வைத்த ‘ஏ’ சாலை ட்ரங்க், மற்ற ‘ஏ’ சாலை பிரைமரி, ‘பி’ சாலை செகண்டரி. நம் ஊருக்கு வந்தபோது தேசிய நெடுஞ்சாலை ட்ரங்க், மாநில நெடுஞ்சாலை பிரைமரி என்று ஆனது. கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளா, பச்சையா என்று பார்த்தால் போதும். அரசு அறிவிப்பு கையில் இருப்பதால் சண்டைக்கே இடமில்லை.

ஆனால் வழி கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இந்தத் தரத்தை வைத்துத்தான் வேகத்தை ஊகிக்கின்றன. ஓ.எஸ்.ஆர்.எம். என்ற மென்பொருளின் கார் கணக்கில், வேக வரம்பு குறிக்கப்படாத ட்ரங்குக்கு மணிக்கு 85 கி.மீ., பிரைமரிக்கு 65. அதே 38-ம் எண் வேலூர், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் வருகிறதே, அந்தப் பகுதி பெரும்பாலும் இரு வழிச் சாலை. வேலூரிலிருந்து திருவண்ணாமலை ஏறத்தாழ 85 கி.மீ. ட்ரங்க் வேகத்தில் சரியாக ஒரு மணி நேரம். பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். இன்னொரு பக்கம், ஆறு வழியாக விரிந்து கிடக்கும் சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை, அதாவது ஓ.எம்.ஆர்., வெறும் மாநில நெடுஞ்சாலை 49ஏ என்பதால் பிரைமரி.

அப்படியானால் சாலை செய்யும் வேலையைப் பார்த்துத் தரம் கொடு என்பது எதிர்க்கட்சி. நியாயம்தான். ஆனால் யார் அளப்பது? ஆளாளுக்குத் தன் ஊர் ரோட்டை ஒரு படி ஏற்றுவார்கள், அடுத்த வாரம் இன்னொருவர் இறக்குவார். என் ஓட்டு அரைகுறையாக முதல் முறைக்கே: அரசுத் தரத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு, எத்தனை வழிச் சாலை என்பதையும் வேக வரம்பையும் தனித்தனி டேக்கில், அதாவது கோட்டோடு ஒட்டிவைக்கும் குறிப்பில், எழுதிவிட வேண்டும். ஓ.எம்.ஆர். போல யாரும் மறுக்க முடியாத இடத்தில் மட்டும் ஒரு படி ஏற்றலாம்.

எண் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. வரைபடத்தில் சாலை ஒரே கோடு அல்ல. பாலம் வந்தால் ஒரு வெட்டு, வேக வரம்பு மாறினால் ஒரு வெட்டு; திருச்சி போவதற்குள் நூற்றுக்கணக்கான துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் ‘ரெஃப்’ என்ற டேக்கில் சாலை எண்ணை எழுதுவது பழைய முறை. புதியவருக்கும் புரியும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் வழக்கமான வரைபடமும் அதைத்தான் படித்துச் சின்னப் பெட்டியில் எண்ணைக் காட்டுகிறது. எண் மாறினாலோ, அத்தனை துண்டையும் தொட வேண்டும். நடுவில் ஒன்று விட்டுப்போனால் 32-க்கு நடுவே ஒரு பாலம் மட்டும் 45 என்று நிற்கும்.

இன்னொரு முறை ‘ரிலேஷன்’: 32-க்கு ஒரே பதிவு, துண்டுகள் அதன் உறுப்பினர்கள். ஒரு இடத்தில் திருத்தினால் போதும். இரண்டு எண்கள் ஒரே தடத்தில் ஓடினாலும் அரைப்புள்ளி போட்டு அடுக்க வேண்டாம். துண்டு இரண்டு ரிலேஷனிலும் இருக்கும். அமெரிக்கச் சாலை எண்களின் கேடயப் பலகைகளை அசல் வடிவில் காட்டும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அமெரிக்கானா என்ற வரைபடம் இதை நம்பித்தான் ஓடுகிறது. ஒரே தொல்லை, யாராவது ஒரு துண்டை அழித்துவிட்டுப் புதிதாக வரைந்தால் ரிலேஷனில் ஓட்டை விழும். அதைக் கண்டுபிடிக்க அவ்வப்போது யாராவது சங்கிலியை முழுக்கத் தடவிப் பார்த்தாக வேண்டும்.

அதனால் நான் இரண்டையும் எழுதிவிடுகிறேன். பழைய 45-ஐ ‘ஓல்டு ரெஃப்’ டேக்கில் போட்டுவைக்கிறேன். அந்த எண்ணைத் தேடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.