போரிக் பவுடர்: கேரம் போர்டில் தொடங்கி 16 வருடம்

எங்கள் வீட்டுக்குள் போரிக் பவுடர் நுழைந்தது கேரம் போர்டு வழியாக. சிங்கப்பூரில், ஈசூனில் குடியேறிய புதிதில், புளோக் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை சாயங்காலம் நாலு பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். ஊரில் ஆடிய கை சும்மா இருக்குமா? நானும் போய் உட்கார்ந்தேன். "புது ஆள் பவுடர் வாங்கிட்டு வரணும் தம்பி" என்றார் ஒரு அங்கிள். தேக்கா கடைத்தெருவில் வாங்கிய அந்த டப்பாவில் ஆரம்பித்தது இந்த உறவு.

இந்தப் பொடி ஏன் இப்படி வழுக்குகிறது என்று அப்போது யோசித்ததில்லை. இது போரிக் அமிலம்; அதன் மூலக்கூறுகள் தட்டைத் தட்டையாக, தாள் தாளாக அடுக்கியிருக்கின்றன. ஒரு தாளுக்குள் பிடிப்பு பலமாக இருக்கும், தாளுக்கும் தாளுக்கும் இடையில் பிடிப்பு குறைவு. புதுச் சீட்டுக்கட்டை மேசையில் தள்ளிப் பாருங்கள், அதேதான். பென்சில் கிராஃபைட் வழுக்குவதும் இதே காரணத்தால்தான். ஒன்றை மட்டும் அங்கிள் திரும்பத் திரும்பச் சொல்வார்: தூவு, கொட்டாதே. கொட்டினால் ஸ்ட்ரைக்கர் பொடியைத் தள்ளிக்கொண்டு போகும், காய் பாக்கெட் வாசலில் நின்றுவிடும். டிசம்பர் மழையில் போர்டே மந்தமாகிவிடும். அப்போது எவ்வளவு பொடி போட்டாலும் பிரயோஜனமில்லை, துடைத்துக் காயவைத்துவிட்டுத்தான் ஆட வேண்டும்.

சரி, கேரம் விளையாட்டு. எனக்குச் சோறு போட்டதும் இதே பொடிதான். துவாஸில் நிக்கல் முலாம் பூசும் பட்டறை ஒன்றில் பல வருடம் வேலை பார்த்தேன். வாட்ஸ் என்ற அமெரிக்கர் 1916-இல் வெளியிட்ட கலவையைத்தான் இன்றும் உலகம் முழுக்க அடிப்படையாக வைத்திருக்கிறார்கள்: நிக்கல் சல்ஃபேட், நிக்கல் குளோரைடு, போரிக் அமிலம். லிட்டருக்கு 30 முதல் 45 கிராம் போரிக் அமிலம், சூடு 50-60 டிகிரி, பிஎச் எனும் அமில-கார அளவு 4 பக்கம். முலாமில் போரிக் அமிலம் ஒரு துளியும் சேராது. அதன் வேலை காவல். மின்சாரம் பாயும்போது பொருளின் மேற்பரப்பை ஒட்டியுள்ள மெல்லிய படலத்தில் பிஎச் சடாரென்று ஏறும். அதை ஏறவிடாமல் பிடித்துவைப்பது இதுதான். குறைந்துவிட்டால் ஓரங்கள் கருகும், ஊசி குத்தினாற்போல் குழி விழும், முலாம் நொறுங்கும்.

அங்கேயும் அதே பாடம்தான்: கொட்டாதே. இது தண்ணீரில் சுலபமாகக் கரையாது. 20 டிகிரியில் 100 மில்லிக்கு 5 கிராம்கூடக் கரையாது, கொதிக்கும் நீரில் அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் கரையும். அதனால் நாங்கள் துணிப்பையில் கட்டிச் சூடான தொட்டியில் தொங்கவிடுவோம், அதுபாட்டுக்குக் கரையும். புதிதாக வந்த ஒரு பையன், லேப் ரிப்போர்ட்டில் குறைவு என்று பார்த்ததும் 25 கிலோ மூட்டையைப் பிரித்து அப்படியே தட்டிவிட்டான். பாதி மேலே மிதந்து கட்டி கட்டியாகத் திரண்டது. வாரக்கடைசியில் ஹீட்டரை நிறுத்தியதும் கரைந்திருந்த மீதியும் அடியில் போய்ப் படிகமாக உட்கார்ந்தது. திங்கட்கிழமை ஃபில்டர் முழுக்க அடைப்பு. சுத்தம் செய்ய எனக்கும் அவனுக்கும் ஒரு ஷிஃப்ட் முழுசாகப் போனது. திட்டு வாங்கியது நான்தான், அது வேறு கதை.

இப்போது வீட்டு விஷயம். இதற்காகத்தான் பல பேர் இதைப் படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எங்களுடையது பழைய வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு, குப்பை போடும் குழாயின் வாய் சமையலறையிலேயே இருக்கிறது. ராத்திரி விளக்கைப் போட்டால் பெரிய கரப்பான் ஒன்று மீசையை ஆட்டிக்கொண்டு நிற்கும். பூச்சி மருந்து அடிக்க ஒரு கம்பெனிக்கு மூன்று தடவை காசு கொடுத்தேன். வாசனை இருந்தவரை கரப்பான் இல்லை, வாசனை போனதும் வந்துவிட்டது. கடைசியில் என் கேரம் டப்பாவையே திறந்தேன்.

முதல் முயற்சி படுதோல்வி. ஃபிரிட்ஜ் பின்னால் கோலம் போடுகிற மாதிரி கனமாகக் கோடு இழுத்தேன். கரப்பான் அதைச் சுற்றிக்கொண்டு போனது! குவியலைக் கண்டால் அது கால் வைக்காது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமாக, தூசி படிந்தாற்போல் இருக்க வேண்டும். அப்போதுதான் அதன்மேல் நடக்கும், காலிலும் மீசையிலும் ஒட்டும். கரப்பான் பூனை மாதிரி, தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். பொடி வயிற்றுக்குள் போவது அப்படித்தான். உடனே சாகாது. சில நாள் ஆகும், வீடு அடங்க எனக்கு இரண்டு மூன்று வாரம் ஆனது. முட்டைப்பையை இது ஒன்றும் செய்யாது, குஞ்சு வெளியே வந்து பொடியில் நடந்தால்தான் உண்டு. அதனால் ஒரு மாதம் கழித்து மறுபடி நாலைந்து தென்பட்டால் பொடி போலி என்று முடிவுகட்டாதீர்கள். பொடி தூவிய இடத்தில் ஸ்ப்ரேயும் அடிக்காதீர்கள். ஸ்ப்ரே நெடிக்கு அது அந்தப் பக்கமே வராது, பொடி வீண்.

நான் தூவுவது ஃபிரிட்ஜ் அடியில், அடுப்பு மேடைக்குப் பின்னால், குழாய் சுவருக்குள் நுழையும் இடுக்கில். சிங்க் அடியில் ஈரம் என்பதால் கட்டியாகி வீணாகிறது, அங்கே விட்டுவிட்டேன். காய்ந்த இடத்தில் போட்டது மாதக்கணக்கில் அப்படியே வேலை செய்கிறது. ஸ்ப்ரேயைவிட இதை நான் உயர்த்திச் சொல்வது இதற்காகத்தான். ஒரு டப்பா சில வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்), வருடக்கணக்கில் வரும்.

எறும்புக்குக் கதை கொஞ்சம் வேறு. அரை லிட்டர் சீனித்தண்ணீரில் ஒரு தேக்கரண்டி, அதற்குமேல் வேண்டாம். நான் முதலில் தாராளமாகக் கலக்கினேன், வந்த எறும்பெல்லாம் மூடி ஓரத்திலேயே செத்துக் கிடந்தது, புற்றுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. நீர்த்துக் கலந்தால் அது கூட்டுக்குக் கொண்டுபோய் மற்றவற்றுக்கும் ஊட்டுகிறது. முதல் இரண்டு நாள் சாரை சாரையாக வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவியால் முடியவில்லை, துடைத்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து.

ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஊரிலிருந்து மாமியார் வந்திருந்த சமயம், பஜ்ஜி மாவில் நான் மைலோ டப்பாவில் போட்டு வைத்திருந்த பொடியைக் கலந்துவிட்டார். "ஆப்பச்சோடான்னு நெனச்சேன் மாப்பிள்ளை, பாத்தா அப்படித்தான இருந்துச்சு" என்றார். தப்பு அவருடையது இல்லை. தின்கிற பொருள் இருந்த டப்பாவில் அதை வைத்தவன் நான். எண்ணெயில் போடும் முன்பே கண்டுபிடித்தோம், மாவு குப்பைக்குப் போனது. அன்றிலிருந்து அதன் சொந்த டப்பாவில்தான், மேல் அலமாரியில், "விஷம்" என்று தமிழில் எழுதி. ஒரு காலத்தில் குழந்தைகளுக்கு இடுப்புப் புண்ணுக்கே இதைப் பூசியிருக்கிறார்கள், புண்பட்ட தோல் வழியாக உள்ளே போய்க் குழந்தைகள் இறந்திருக்கின்றன. இனப்பெருக்கத்துக்குக் கேடு என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் இதைக் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரில் உணவில் இதைச் சேர்க்க அனுமதி கிடையாது. மஞ்சள் மீ (நூடுல்ஸ்) இழுவையாக இருக்க, இறால் கெடாமலிருக்க என்று சில ஊர்களில் சேர்க்கிற திருட்டுப் பழக்கம் உண்டு.

ஆனால் பயந்து ஓடவும் முடியாது. என் மகள் லென்ஸ் போட ஆரம்பித்தபோது, லென்ஸைக் கழுவும் தண்ணீர் பாட்டிலின் சிறிய எழுத்தைப் படித்துவிட்டு, "அப்பா, கரப்பான் மருந்தையா கண்ணில ஊத்தச் சொல்றீங்க?" என்று கேட்டாள். போரிக் அமிலம் என்று எழுதியிருந்தது உண்மைதான். மருந்துத் தரத்தில், கொஞ்சூண்டு, கண்ணீரின் பிஎச்சுக்கு நெருக்கமாக வைத்திருக்க. தொட்டியில் அது செய்த அதே காவல் வேலை! அவளிடம் இன்னொன்றும் சொன்னேன். கடல்நீரில் லிட்டருக்கு நாலரை மில்லிகிராம் அளவுக்கு போரான் என்ற தனிமம் இருக்கிறது, பெரும்பாலும் போரிக் அமிலமாக. மின்னூட்டம் இல்லாத குட்டி மூலக்கூறு என்பதால் உப்பைத் தடுக்கிற சவ்வு வழியாகவும் நழுவிவிடும். 2005-இல் துவாஸில் திறந்த நம் முதல் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை மாதிரியான இடங்களில் இதற்கென்றே தனிக் கவனம் எடுக்க வேண்டியிருக்கிறது. நீரின் பிஎச்சை 9-க்கு மேல் ஏற்றினால் அது மின்னூட்டம் பெற்று மாட்டிக்கொள்ளும்.

ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். கீழ்த்தளத்தில் இப்போது சின்னப் பிள்ளைகளும் ஆட வருகிறார்கள், பொடி பறந்து மூக்கில் ஏறுகிறது, அதே கையால் கறிபஃப் சாப்பிடுகிறார்கள். அதனால் போர்டுக்கு மாவுச்சத்துப் பொடி வாங்கி வைத்தேன். அங்கிளுக்குப் பிடிக்கவில்லை. "ஓட்டமே இல்ல தம்பி" என்கிறார். உண்மைதான், அந்த வழுக்கல் இதில் இல்லை. போன வாரம் ரெட் காயைப் போட்டுவிட்டு, அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயைத் தவறவிட்டார், பழியைப் பொடி மேல் போட்டார். என் பழைய டப்பா ஃபிரிட்ஜுக்காக மட்டும் மேலே இருக்கிறது, இன்னும் பாதி தீரவில்லை.