தாலிக்கு முன்பா, தாலிக்குப் பிறகா: அமெரிக்க மாப்பிள்ளையைக் கட்டும் பெண்ணுக்கு எந்த விசா?

மன்னார்குடியில் என் அக்கா மகளுக்கு வரன் பேசி முடித்தபோது வீட்டில் இரண்டு கட்சி உருவானது. மாப்பிள்ளை டல்லாஸில் இருக்கும் அமெரிக்கக் குடிமகன். "கே-1 போட்டால் சீக்கிரம் கூட்டிக்கொண்டு போகலாம், கல்யாணத்தை அங்கேயே வைத்துக்கொள்ளலாம்" என்றது அவர்கள் தரப்பு. "தாலி ஏறாமல் பெண்ணை விமானம் ஏற்ற மாட்டேன்" என்றார் அத்தான். சென்டிமென்ட்டை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் அத்தான் சொன்னதுதான் சரி.

கே-1 என்பது நிச்சயம் ஆனவர்களுக்கான விசா. குடிமகன்தான் மனு போட முடியும், கிரீன் கார்டு வைத்திருப்பவர் முடியாது. மனு போடுவதற்கு முந்தைய 2 வருஷத்துக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும், வீடியோ கால் கணக்கில் வராது. அங்கே இறங்கிய 90 நாளுக்குள் கல்யாணம், அப்புறம் கிரீன் கார்டுக்குத் தனி மனு. அது நிலுவையில் இருக்கும்போது அனுமதி வாங்காமல் வேலைக்குப் போக முடியாது. அனுமதியில்லாமல் ஊருக்குக் கிளம்பினால் மனுவே கைவிடப்பட்டதாகிவிடும்.

நம் ஊருக்கென்று இதில் ஒரு சிக்கல் உண்டு. டெல்டாவில் நிச்சயதார்த்தமே மண்டபம் பிடித்து, முந்நூறு இலை போட்டு, மாலை மாற்றி, மோதிரம் போட்டுத்தான் நடக்கிறது. தமிழ்நாட்டில் செல்லும் இந்து திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவை, அதாவது சுயமரியாதைத் திருமணத்துக்காக வந்த பிரிவைப் படித்துப் பாருங்கள். உறவினர், நண்பர் முன்னால் மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ அது திருமணமாகலாம். புரோகிதர் வேண்டாம், பதிவும் நிபந்தனை இல்லை. அந்த ஆல்பத்தோடு போய் "இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்று விசா அதிகாரியிடம் சொல்லிப் பாருங்கள்! கல்யாணம் ஆனதாக அவர் எடுத்துக்கொண்டால் கே-1 அதோடு முடிந்தது. "ரிஜிஸ்டர் பண்ணலையே சார்" என்பதெல்லாம் எடுபடாது.

கல்யாணம் முடித்து, மனைவிக்காக மாப்பிள்ளை போடுவது ஐ-130 மனு. ஒரு வருஷத்தைத் தாண்டும் என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். ஆனால் பெண் இறங்கும்போதே நிரந்தரமாக வசிக்கும் உரிமையோடு இறங்குகிறாள், மறுநாளே வேலை தேடலாம். கல்யாணமாகி 2 வருஷம் ஆவதற்குள் போனால் கார்டு 2 வருஷத்துக்குத்தான். அது முடிவதற்கு முந்தைய 90 நாளில் இருவரும் சேர்ந்து இன்னொரு மனு போட வேண்டும்.

செலவுக்கு 2024 ஏப்ரலில் உயர்த்திய கட்டணப்படி என் கணக்கு: கே-1 வழியில் மனு 675, விசா 265, பிறகு கிரீன் கார்டு மனு 1,440. மொத்தம் 2,380 டாலர். ஐ-130ஐ ஆன்லைனில் போட்டால் 625, விசா 325, வருமான உறுதிப் பத்திரத்துக்கு 120, கார்டுக்கு 235. மொத்தம் 1,305. மருத்துவப் பரிசோதனை இரண்டிலுமே தனி. மாப்பிள்ளையின் வருமானம் அமெரிக்க அரசு வைத்திருக்கும் வறுமைக் கோட்டில் குறைந்தது 125 சதவீதம் இருக்க வேண்டும். கே-1 விசா கட்டத்தில் 100 போதும் என்பார்கள், கிரீன் கார்டுக்குப் போகும்போது அதே 125 வந்து நிற்கும்.

'டூரிஸ்ட் விசாவில் போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்' என்று ஒரு ஏஜென்ட் மூன்றாவது வழியும் சொன்னார். உள்நோக்கத்தை மறைத்துப் போனதாகப் பதிவானால் வாழ்நாள் முழுக்கத் துரத்தும். அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எங்களைப் படுத்தியது காகிதம்தான். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009ன்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் வந்த சான்றிதழில் அக்கா மகள் பெயருக்கு முன்னால் 'ஆர்.' என்று இருந்தது. பாஸ்போர்ட்டில் இனிஷியலே கிடையாது, குடும்பப் பெயர் கட்டமும் காலி. பிறப்புச் சான்றிதழிலோ பெயரே இல்லை, 'பெண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. திருத்தி வாங்குவதற்குள் அக்கா மூன்று தடவை நகராட்சிக்கு நடந்தாள்.

இவ்வளவும் சரியானாலும், குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயராக்கி, சொந்தப் பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று போட்டுவிடுவார்கள். 'முதற்பெயர் தெரியவில்லை' என்று அர்த்தமாம். "நான் ஆசையா வெச்ச பேரு தெரியலையாமா?" என்று அக்கா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.