335 வாட் ஸ்டிக்கருக்கு அடியில் 250 வாட்: காளான் கொட்டகைக்கு சோலார் போட்டு ஏமாந்தோம்

தாண்டிக்குடிக்கு மேலே, கரண்ட் கம்பம் எட்டாத தோட்டம் எங்களுடையது. கடைசிக் கம்பத்துக்கும் எங்களுக்கும் நடுவே முக்கால் கிலோமீட்டர், ஒரு ஓடை, மூன்று பேருடைய பட்டா நிலம். லைன் இழுத்து வாங்குவது எங்களால் ஆகாத காரியம். காபிக்கும் மிளகுக்கும் நடுவே ஓலைக் கொட்டகை போட்டு, சிப்பிக் காளான் வளர்க்கலாம் என்று மகளிர் குழுவில் கடன் எடுத்தேன். அந்தக் கடனில் பெரும்பகுதி சோலாருக்குப் போனது. 2024 மே மாதம் 1,22,000 ரூபாய் கொடுத்தோம். என்ன நடந்தது என்பதை முழுவதும் எழுதுகிறேன். மலையில், கரண்ட் இல்லாத இடத்தில் சோலார் போட நினைக்கிற ஒருவராவது இதைப் படித்துத் தப்பித்தால் போதும்.

காளானுக்கு எதற்கு இவ்வளவு கரண்ட் என்று கேட்பவர்கள் உண்டு. வித்து போட்ட படுக்கைகள் முதல் 15, 20 நாள் இருட்டில் சும்மா தொங்கும், அப்போது ஒன்றும் வேண்டாம். மொட்டு வைக்கத் தொடங்கிய பிறகுதான் வேலை. ஈரப்பதம் 85 சதவீதமாவது இருக்க வேண்டும், அதற்கு மணிக்கொருமுறை, தண்ணீரைப் பனி போலத் தூவுகிற ஃபாகர் ஓட வேண்டும். காளானும் நம்மைப் போல மூச்சு விடும். அது விட்ட கரியமில வாயுவை எக்ஸாஸ்ட் ஃபேன் வெளியே தள்ளாவிட்டால் காம்பு மட்டும் நீண்டு, குடை பொத்தான் அளவிலேயே நின்றுவிடும். இரண்டு ஃபேன், அரை எச்.பி. மோட்டார், நாலு எல்.இ.டி. டியூப், பறித்ததை வைக்க ஒரு சின்ன ஃபிரிட்ஜ். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்றரை யூனிட் என்று நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு இன்றும் சரிதான்.

கீழே சமவெளியில் கடை வைத்திருக்கிற ஒருவர், கொட்டகையை நேரில் வந்து பார்த்துவிட்டு, 335 வாட் பேனல் நாலு, 150 ஏ.எச். கொள்ளளவுள்ள சோலார் பேட்டரி இரண்டு, 24 வோல்ட் சோலார் இன்வெர்ட்டர் என்று எழுதிக் கொடுத்தார். 1,340 வாட். நல்ல வெயிலில் ஐந்து யூனிட்டுக்கு மேல் வரும், பேட்டரியில் போய் வருகிற நஷ்டம் போக நாலு நிற்கும். எங்கள் தேவைக்குப் போதும். எழுதிக் கொடுத்தபடியே அவர் வைத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

"அக்கா, கவர்ன்மென்ட் மானியம் 40,000 மூணு மாசத்துல உங்க அக்கவுண்டுக்கே வந்துடும். ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் விலையைப் பற்றி நாங்கள் அதிகம் பேசவில்லை. பிரதமரின் சூர்ய வீடு திட்டத்தில் கிலோவாட்டுக்கு 30,000, இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது மின்வாரிய இணைப்பு உள்ள வீட்டுக் கூரையில், லைனோடு சேர்த்து ஓடுகிற சோலாருக்கு மட்டும். மின் இணைப்பு எண் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. கம்பமே இல்லாத கொட்டகைக்கு அந்த மானியம் வர வழியே இல்லை. பாசனப் பம்புசெட்டுக்கு வேளாண் பொறியியல் துறை வழியாக வேறு திட்டம் இருக்கிறது; அதுவும் பம்புக்குத்தான், கொட்டகை விளக்குக்கும் ஃபேனுக்கும் கிடையாது. இந்த விவரம் அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தொழிலே அதுதானே.

ஜூன், ஜூலை நன்றாக ஓடியது. ஆகஸ்டில் விடியற்காலை மூன்று மணிக்கு ஃபேன் நிற்க ஆரம்பித்தது. போன் செய்தால் "மேகம்கா, வெயில் வந்தா சரியாயிடும்" என்றார். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றச் சொன்னார், ஊற்றினோம். அக்டோபரில் ராத்திரி பதினொரு மணிக்கே நின்றது, நவம்பரில் ஒன்பதுக்கு. மலையில் ஐப்பசி, கார்த்திகையில் பனிமூட்டம் இருக்கத்தான் செய்யும், அதனால் நாங்களும் வானத்தைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். அந்தப் பட்டத்தில் 180 படுக்கை. காலையில் கதவைத் திறந்தால் விரல் நீளக் காம்பும் அதன் நுனியில் சுண்டைக்காய் அளவு குடையும். கொடைக்கானலில் நாங்கள் கொடுக்கிற விடுதிக்காரர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "வேண்டாம்மா, இதைத் தட்டுல வைக்க முடியாது" என்று திருப்பி அனுப்பினார். மாட்டுக்குப் போட்டோம். டிசம்பரில் கடைக்காரர் எங்கள் நம்பரை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

தை பிறந்து வானம் பளிச்சென்று ஆன பிறகும் ராத்திரி ஃபேன் நின்றது. அப்போதுதான் சந்தேகம் வந்தது. வத்தலக்குண்டிலிருந்து ஒரு வயதான வயர்மேனை ஜீப்பில் கூட்டி வந்தோம். மதியம் பன்னிரண்டரை மணிக்கு, நல்ல வெயிலில், பேட்டரியில் மீட்டர் வைத்தார். 25.9 வோல்ட். 24 வோல்ட் பேட்டரி முழுதாக ஏற வேண்டுமானால் 28.8 வரை போக வேண்டும் என்றார். கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பேனலை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, வீட்டுல டேப்பு இருக்கா?"

அளந்தார். பேனலின் நீளம் ஐந்தடி ஐந்து அங்குலம்.

"335 வாட்டுன்னா ஆறரை அடி கிட்ட வரணும். ஒரு அடி காணலையே. கட்டத்த எண்ணிப் பாரு." எண்ணினேன். குறுக்கே ஆறு, நெடுக்கே பத்து, மொத்தம் 60 செல். 335 வாட் பாலி பேனலில் ஆறுக்குப் பன்னிரண்டு, 72 செல் இருக்கும். ஏழு மாதமாகத் தினமும் அந்தப் பேனலுக்குக் கீழேதான் நடந்திருக்கிறேன். எண்ணிப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு பேனலைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பினோம். 335 வாட் என்ற ஸ்டிக்கரின் மூலையை நகத்தால் சுரண்டியதும் அடியில் இன்னொரு லேபிள். 250 வாட், 2014. வேறு எங்கோ பத்து வருடம் ஓடிக் கழற்றப்பட்ட பழைய பேனல்.

வாட் குறைந்தது மட்டும் என்றால் நாலில் ஒரு பங்கு போயிற்று என்று விட்டிருக்கலாம். வயர்மேன் விளக்கியபோதுதான் இதில் எவ்வளவு பெரிய கேடு இருக்கிறது என்று புரிந்தது. 60 செல் பேனல் புதிதாக இருக்கும்போதே சுமார் 30 வோல்ட்டில்தான் வேலை செய்யும். வெயிலில் சூடு ஏற ஏற வோல்ட் இறங்கும். நண்பகலில் 26, 27-க்கு வந்துவிடும். எங்கள் இன்வெர்ட்டரில் இருப்பது விலை குறைந்த பி.டபிள்யூ.எம். சார்ஜர், பேனலில் வருகிற வோல்ட்டை அப்படியே பேட்டரிக்கு விடுவது. 28.8 கேட்கிற பேட்டரிக்கு 26 கொடுத்தால் எப்படி நிறையும்? 72 செல் பேனல் என்றால் சூட்டிலும் 30-க்கு மேல் நிற்கும், பிரச்சினையே வந்திருக்காது. ஆக, ஏழு மாதம் ஒரு நாள்கூட எங்கள் பேட்டரி முழுதாகச் சாப்பிடவில்லை. அரை வயிற்றோடே கிடந்து தகட்டில் சல்பேட் படிந்துவிட்டது. பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தார். 1240 காட்ட வேண்டிய இடத்தில் 1130. பேட்டரி செத்தது பனிமூட்டத்தால் அல்ல, அந்த ஸ்டிக்கரால்.

பேட்டரியிலும் ஏமாற்று இருந்தது. பத்து மணி நேரத்தில் எடுத்தாலும் முழு அளவு கொடுக்கிற சி10 என்று சொல்லி, கடைக்காரர் சி20 வைத்திருக்கிறார். சி20 என்றால் 150 ஏ.எச். கிடைப்பது இருபது மணி நேரம் மெல்ல மெல்ல எடுத்தால்தான். பத்து மணி நேரத்தில் எடுத்தால் 120-ஐ ஒட்டித்தான் வரும். வீட்டு இன்வெர்ட்டருக்கு அது போதும். தினமும் ராத்திரி வடித்துப் பகலில் நிரப்புகிற சோலாருக்கு சி10 என்று அச்சடித்ததைத்தான் கேட்டு வாங்க வேண்டும். எர்த்திங்குக்குக் குழியே தோண்டவில்லை, கம்பியைத் தகரத்தோடு சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். சித்திரை இடி எப்படி இருக்கும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் கை நடுங்குகிறது. பிள்ளைகள் விளையாடுகிற இடம்.

வாங்கப் போகிறவர்கள் ஜீப்பிலிருந்து பேனல் இறங்கும்போதே டேப் வைத்து அளந்துவிடுங்கள், செல்லை எண்ணுங்கள். இப்போது வருகிற பாதி செல் பேனல்களில் 120, 144 என்று இரட்டிப்பாக இருக்கும், அதையும் மனதில் வையுங்கள். சீரியல் நம்பர் கண்ணாடிக்கு உள்ளே பதிந்திருக்க வேண்டும், அதுவும் பின்பக்க லேபிளும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் பேனலில் கண்ணாடிக்குள் இருந்த நம்பரும் ஸ்டிக்கர் நம்பரும் வேறு வேறு. மேலே ஏற்றி மாட்டிய பிறகு இதைப் பார்க்க ஏணி வேண்டும், தரையில் இருக்கும்போது ஒரு நிமிட வேலை. முழுப் பணத்தையும் முதலிலேயே கொடுக்காதீர்கள். நல்ல வெயிலில் பேட்டரி 28.8 தொடுவதை மீட்டரில் கண்ணால் பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.

பில் விஷயத்தில் நாங்கள் செய்தது பெரிய தவறு. ஜி.எஸ்.டி. பில் வேண்டாம் என்றால் விலை குறையும் என்றார், ஒத்துக்கொண்டோம். கையில் இருப்பது கையால் எழுதிய எஸ்டிமேட் தாள். அதில் கடை முத்திரை இருப்பதும், 60,000 ரூபாயை ஜி.பே.யில் அனுப்பியிருந்ததும்தான் இப்போது எங்களைக் காப்பாற்றுகிறது. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொன்னோம். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். தொழிலுக்கு வாங்கியதால் நுகர்வோர் ஆக மாட்டாய் என்று எங்களையும் பயமுறுத்தினார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்கிற சுயதொழில் என்றால் அந்தத் தடை கிடையாது. சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

வயர்மேன் பேனல்களை இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பில் கோர்த்து, பேனலின் கூடுதல் வோல்ட்டைப் பேட்டரிக்கு வேண்டிய அளவுக்கு மாற்றிக் கொடுக்கிற எம்.பி.பி.டி. சார்ஜர் ஒன்றைத் தனியாக வாங்கி மாட்டிக் கொடுத்தார். வோல்ட் இரட்டிப்பானதால் அந்தப் பழைய பேனல்களே இப்போது 28.8-ஐத் தொடுகின்றன. நகையை வைத்து சி10 பேட்டரி இரண்டு வாங்கினோம். எர்த்திங்கும் போட்டாயிற்று. ஃபேன் விடிய விடிய ஓடுகிறது, குடை உள்ளங்கை அகலம் விரிகிறது. ஆனால் குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணை நாலு மாதம் பின்னால் நிற்கிறது.

திண்டுக்கல், தேனிப் பக்கம் மலைத்தோட்டங்களில் 2024-ல் 335 வாட் என்று வாங்கியவர்கள் இருந்தால் இன்றைக்கே பேனலை அளந்து பாருங்கள். ஐந்தரை அடிக்குள் இருந்தால் ஸ்டிக்கரைச் சுரண்டுவதற்கு முன்னால், தேதி தெரிகிற மாதிரி போட்டோவும் வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள், கூட ஒரு சாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். நான் ஆத்திரத்தில் ஒரு ஸ்டிக்கரை முழுதாகக் கிழித்துவிட்டேன். மற்ற மூன்றும் ஆணையத்திலிருந்து ஆள் வந்து பார்க்கட்டும் என்று ஒட்டியபடியே கூரைமேல் இருக்கின்றன.