ஹாப் வாங்கும் முன் வீட்டிலிருக்கும் போசியை அளந்து பாருங்க

புது வீடு கட்டுகிறவர்கள், பழைய சமையலறையைப் பிரித்து மாற்றுகிறவர்கள் என்று யாரைப் பார்த்தாலும் இப்போது கேட்பது ஒன்றுதான்: மேடை மேல் வைக்கிற சாதாரண கேஸ் அடுப்பே போதுமா, கிரானைட்டை வெட்டிப் பதிக்கிற ஹாப் போடலாமா, இல்லை கேஸே வேண்டாம் என்று இண்டக்‌ஷனுக்குப் போய்விடலாமா. எங்கள் வீடு பல்லடம் பக்கம், நாலு பர்னர் கண்ணாடி ஹாப். அம்மா வீடு கோபிக்குப் பக்கத்தில், அங்கே மூன்று பர்னர் ஸ்டீல் அடுப்பு. தம்பி கோவையில் அப்பார்ட்மெண்டில் இருக்கிறான், அவன் வீட்டில் பெரும்பாலும் இண்டக்‌ஷன்தான் ஓடுகிறது. மூன்றிலும் சமைத்திருக்கிறேன், மூன்றையும் துடைத்தும் இருக்கிறேன்.

முதலில் ஹாப். பார்க்க அழகு என்பதில் சந்தேகமே இல்லை. சிக்கல் அகலத்தில். கடையில் முதலில் எடுத்துக் காட்டுவது 60 செ.மீ. அகலம் உள்ளதுதான், அது ஐரோப்பியச் சமையலறை அலமாரியின் அளவு. அதற்குள் நாலு பர்னரை அடைத்திருப்பார்கள். நம் வீட்டில் காலையில் ஒரு பக்கம் கொள்ளு வேகிற குக்கர், ஒரு பக்கம் இட்லிக் கொப்பரை, இன்னொன்றில் குழம்புப் போசி ஏறும். மூன்றையும் வைத்துவிட்டால் குக்கர் கைப்பிடி கொப்பரையை இடிக்கும், நாலாவது பர்னரில் பால் சட்டி வைக்கக்கூட இடம் இருக்காது. சந்தகை செய்கிற நாளில் கேட்கவே வேண்டாம். ஒறம்பரை வந்து அரிசிம்பருப்புக்குப் பெரிய குண்டாவை ஏற்றினால் நாலு பர்னர் இரண்டாகிவிடும். காசு நாலுக்குக் கொடுத்திருப்போம்.

அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டிலிருக்கும் பெரிய பாத்திரம் இரண்டின் விட்டத்தை டேப்பில் அளந்துகொள்ளுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 30 செ.மீ. போசியும் 28 செ.மீ. தோசைக்கல்லும் என்றால் 29 வரும். கடையில் ஒரு பர்னர் நடுவிலிருந்து அடுத்த பர்னர் நடு வரைக்கும் அளந்தால் அந்த 29-ஐவிடக் கூடுதலாக இருக்க வேண்டும், கைப்பிடிக்கு இன்னும் கொஞ்சம் விட வேண்டும். நான் அளந்துகொண்டு நின்றபோது காந்திபுரத்தில் ஒரு கடைப் பையன், "டேப் புடிச்சு அளக்கற கஸ்டமரு நீங்கதானுங்க அக்கா" என்றான். சிரிக்கட்டும். 75, 80 செ.மீ. அகலத்தில் மூன்றே பர்னர் உள்ள ஹாப் கிடைக்கிறது, போட்டால் அதைப் போடுங்கள். பாத்திரம் உட்காரும் கட்டை வார்ப்பிரும்பில் கனமாக இருக்க வேண்டும். மெல்லிய கம்பி என்றால் கொள்ளுப்பருப்பை அடுப்பிலேயே வைத்துக் கடையும்போது போசி நகர்ந்து நகர்ந்து போகும்.

ஹாப்பில் உண்மையிலேயே நல்லது என்றால் உயரம். மேடையே 32, 33 அங்குலம் இருக்கும், அதன் மேல் சாதாரண அடுப்பு, அதன் மேல் போசி என்று ஏறினால் குள்ளமானவர்கள் உள்ளே எட்டிப் பார்க்கவே நுனிக்காலில் நிற்க வேண்டும். ஹாப் மேடையோடு மேடையாகப் படிந்திருப்பதால் அந்த நாலைந்து அங்குலம் குறைகிறது. எங்கள் அத்தைக்குத் தோள்பட்டை வலி உண்டு, பழைய அடுப்பில் களி கிளறவே மாட்டார், இப்போது தானாக வந்து கரண்டியைப் பிடித்துக்கொள்கிறார். இந்த ஒரு காரணத்துக்காக ஹாப் போட்டேன் என்று யாராவது சொன்னால் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

அடுத்தது காற்று. நகைக்காதீர்கள், இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றில்தான் உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலை எல்லாம் சுற்றுகிறது. அதே காற்று சமையலறை ஜன்னல் வழியாக வந்து சிம்மில் வைத்த தீயை ஊதி அணைத்துவிட்டுப் போகும். பக்கத்தில் ஆள் இருந்தால் சரி, துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தால் கேஸ் பாட்டுக்கு வெளியேறிக்கொண்டிருக்கும். இதற்குத்தான் ஃப்ளேம் ஃபெயிலியர் டிவைஸ் என்று ஒன்று வருகிறது. பர்னர் ஓரத்தில் ஆணி மாதிரி சின்னதாக ஒரு முனை நிற்கும், அதுதான் தெர்மோகப்பிள். தீயில் அது சூடாக இருக்கிற வரைக்கும் ஒரு சிறு மின்னழுத்தம் உண்டாகி வால்வைத் திறந்து பிடித்திருக்கும். தீ அணைந்து முனை ஆறினதும் வால்வு தானாக மூடிக்கொள்ளும். பற்றவைத்த பிறகு குமிழைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதும் அந்த முனை சூடேறத்தான். பலர் இதைப் பழுது என்று நினைத்து சர்வீஸுக்குப் போன் போடுகிறார்கள். பால் பொங்கி அந்த முனையில் படிந்தால் தீ நிற்காது, துடைத்துவிட்டால் சரியாகிவிடும். ஹாப்பிலும் எல்லா மாடலிலும் இந்த வசதி கிடையாது, மேடை மேல் வைக்கிற அடுப்பில் அதைவிட அரிது, எனவே வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். பர்னருக்குக் கூடுதலாக ஒரு பளபளப்பு மூடி வருகிறதா என்பதைவிட இது முக்கியம்.

சிலிண்டரை எங்கே வைப்பது என்பதில் மாடுலர் கிச்சன்காரர்கள் சொல்வதை அப்படியே கேட்டுவிடாதீர்கள். அடுப்புக்குக் கீழே அலமாரிக்குள் வைத்துக் கதவை இறுக்கமாக மூடிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தேங்கும். ஆகவே அந்த அலமாரியின் அடிப்பக்கத்தில் காற்றுப் போக வழி கட்டாயம் இருக்க வேண்டும், மேலே ஓட்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. ரப்பர் குழாயைப் பலகைக்குப் பின்னால் மறைத்துவிட்டால் எலி கடித்தாலும் தெரியாது, வெடிப்பு விட்டாலும் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய குழாய் அது, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். கோவையில் சில பகுதிகளுக்குக் குழாய் வழி எரிவாயு வந்துவிட்டது. உங்கள் தெருவுக்கும் வந்தால் அடுப்பின் ஜெட்டை, அதாவது கேஸ் வருகிற சின்னத் துளை உள்ள முனையை, மாற்ற வேண்டியிருக்கும், வாங்குகிற மாடலுக்கு அது கிடைக்குமா என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

கண்ணாடியைப் பற்றி எல்லாரும் கேட்பது "வெடிக்குமா?" என்று. டஃபன்டு, அதாவது சூட்டில் பதப்படுத்தி வலுவேற்றிய கண்ணாடிதான், சாதாரணமாக ஒன்றும் ஆகாது. ஆனால் பர்னரைவிட மிகப் பெரிய பாத்திரத்தை வைத்து மணிக்கணக்கில் எரித்தால் சூடு அடியிலேயே தங்கிவிடும், பர்னர் மூடி சரியாக உட்காராமல் தீ பக்கவாட்டில் சீறினாலும் அப்படித்தான், சூட்டோடு பச்சைத் தண்ணீரை ஊற்றித் துடைத்தாலும் ஆபத்து. உடைந்தால் பெரிய துண்டாக உடையாது, பொடிப் பொடியாக உதிரும். என் பிரச்சினை வெடிப்பதில்லை, கறை. உப்பில்லாத சிறுவாணித் தண்ணீர் வருகிறவர்களுக்கு இது புரியாது. போர் தண்ணீரில் துடைத்தால் கறுப்புக் கண்ணாடி மேல் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது, வினிகர் தொட்டுத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்தால்தான் கடையில் பார்த்த கறுப்பு திரும்பி வரும். தினமும் இரண்டு வேளை இதைச் செய்ய முடியும் என்றால் வாங்குங்கள். அம்மா வீட்டு ஸ்டீல் அடுப்புக்குச் சபீனாவும் தேங்காய் நாரும் போதும்.

அந்த ஸ்டீல் அடுப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் அதன் பெருமை. பித்தளை பர்னர், ஓட்டை அடைத்தால் ஊசியால் குத்திவிடலாம், தீ மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் கடைவீதியில் அடுப்பு ரிப்பேர் செய்பவரே அன்றைக்கே சரிசெய்து கொடுத்துவிடுவார். எங்கள் ஹாப்புக்கு ஒரு பர்னர் மூடி வேண்டுமென்று கம்பெனி சர்வீஸுக்குச் சொல்லிவிட்டு வாரக்கணக்கில் மூன்று பர்னரில் ஓட்டினோம். ஸ்டீலோ கண்ணாடியோ, ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள், எல்.பி.ஜி. அடுப்புக்கான ஐ.எஸ். 4246 தரப்படி வெப்பத்திறன், அதாவது தீயின் சூட்டில் பாத்திரத்தில் ஏறுகிற பங்கு, குறைந்தது 68 சதவீதம் இருக்க வேண்டும்.

சரி, இண்டக்‌ஷன். தம்பி அதன் ரசிகன், போன் செய்தாலே அதைப் பற்றித்தான் பேசுவான். காபிக்குப் பால், ரசம், குக்கர் சோறு, வெந்நீர் எல்லாவற்றுக்கும் அதன் வேகம் கேஸுக்கு வராது, சமையலறையும் அனலாக இருக்காது. சித்திரை வெயிலில் அந்த அருமை தெரியும். ஆனால் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் ஆகும். அம்மா கொடுத்த பித்தளைப் போசி, அலுமினியக் குண்டா, மண்சட்டி, கல்சட்டி எதுவும் வேலைக்கு ஆகாது. ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து அடியில் வைத்துப் பாருங்கள், இறுக்கமாகப் பிடித்தால்தான் சரி. இரும்புத் தோசைக்கல் ஒட்டும், வேலையும் செய்யும், ஆனாலும் விலை குறைந்த ஒற்றை அடுப்பில் உள்ளே இருக்கும் சுருள் சின்னது, தோசை நடுவில் கருகி ஓரத்தில் வெளுத்து நிற்கும். தீயைக் குறைத்தாலும் கேஸ் மாதிரி சீராக எரியாது, விட்டு விட்டுச் சூடாகும். பள்ளிபாளையம் சிக்கனைச் சுருள வதக்குகிற வேலைக்கு அது பொருந்தவே இல்லை என்பது என் அபிப்பிராயம், தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான்.

செலவுக் கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அன்றாடச் சமையலில் கேஸ் அடுப்பில் நூற்றுக்கு 65 பங்கு பாத்திரத்தில் ஏறுகிறது, இண்டக்‌ஷனில் 85 பங்கு என்று வைத்தால், ஒரு சிலிண்டர் செய்கிற வேலைக்கு 140 யூனிட் மாதிரி வேண்டும். இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் 400 வரைக்கும் யூனிட் 5 ரூபாய்க்குள் என்றால் அந்த 140 யூனிட் 700 ரூபாயைத் தாண்டாது, சிலிண்டரைவிட மலிவு. ஆனால் ஏசி ஓடி, மோட்டார் ஓடி, ஏற்கெனவே 500-ஐத் தாண்டுகிற வீடு என்றால் மேலே ஏறுகிற ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல், அதே வேலைக்கு 1,100 ரூபாய்க்கு மேல் போய்விடும். அதனால் இண்டக்‌ஷன் மலிவா என்று பொதுவாகக் கேட்காதீர்கள், உங்கள் ஈ.பி. பில்லை எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் சாயங்காலம்தான் வரும். 2,000 வாட்ஸ் இழுக்கிற அடுப்பை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. தோட்டத்து வீடுகளில் வோல்டேஜ் இறங்கினால் அடுப்பு எரர் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். முழுக்க இண்டக்‌ஷனுக்குப் போகிறேன் என்று கிராமத்தில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். எந்தப் பாத்திரமும் ஆகும் என்று இன்ஃப்ராரெட் அடுப்பைக் காட்டுவார்கள், உண்மைதான், ஆனால் அணைத்த பிறகும் கண்ணாடி நெடுநேரம் கொதிக்கும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் வைக்க மாட்டேன்.

என் காசில் இன்று மறுபடி வாங்கினால் அகலமான மூன்று பர்னர், பித்தளை பர்னர், தீ அணைந்தால் கேஸை நிறுத்துகிற வசதியோடு ஸ்டீல் மேல்தட்டு உள்ள ஹாப், பக்கத்தில் பாலுக்கும் சோற்றுக்கும் ஒரு ஒற்றை இண்டக்‌ஷன். கிரானைட்டை வெட்ட மனசு வரவில்லை என்றால் ஹாப்டாப் என்று விற்கிறார்கள், மேடை மேலும் வைக்கலாம், பின்னால் வெட்டிப் பதிக்கவும் செய்யலாம், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அதுதான் தோது. வெட்டுவதானால் அடுப்பு வீட்டுக்கு வந்த பிறகு, பெட்டியில் இருக்கும் அளவுத் தாளை வைத்து வெட்டச் சொல்லுங்கள், மாடலுக்கு மாடல் அளவு மாறும். டைல்ஸ் ஒட்டும் முன்பே எலக்ட்ரீஷியனிடம் மேடைக்கு மேலே 16 ஆம்ப் பாயிண்ட் இரண்டு கேட்டு வாங்கிவிடுங்கள், ஒன்றில் எப்படியும் கிரைண்டர் வந்து உட்கார்ந்துகொள்ளும்.