ஸ்பாஞ்ச் நாத்தம் போக கொதிதண்ணியா, வினிகரா?

மதுரை வெக்கைக்கு சிங்க் ஓரம் ஈரமா கெடக்குற ஸ்பாஞ்ச் ஒரே ராத்திரியில நாறிரும், அதுலயும் அயிரமீன் கொழம்புச் சட்டி தேய்ச்சிருந்தா கேக்கவே வேணாம்.

என் ஓட்டு கொதிதண்ணிக்குத்தான். தண்ணி தளதளன்னு கொதிக்கையில ஸ்பாஞ்ச போட்டு 5 நிமிசம் விட்டா கிருமி பெரும்பாலும் செத்துரும், எண்ணெப்பிசுக்கும் எளகி மேல மெதக்கும், செலவுன்னு பாத்தா கேஸ் மட்டுந்தான். என்ன, அடிக்கடி இப்டி செஞ்சா சீக்கிரம் பிஞ்சுரும்.

வினிகர் வாடைய நல்லா எடுக்கும், போர் தண்ணி உப்பு படிஞ்சு வெரப்பா போன ஸ்பாஞ்சையும் எளக்கிரும். ஆனா கிருமிய கொல்றதுல கொதிதண்ணிகிட்ட நிக்காது, கடை வினிகர்ல அசிட்டிக் ஆசிட் 4, 5 சதவீதம் போலத்தான் இருக்கும். சிலபேரு சோடா உப்பையும் சேத்து நொரை பொங்க விடுறாங்க, பாக்க ஜோரா இருக்கும், ஆனா ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு வீரியமே இல்லாம போயிரும். ப்ளீச்சிங் பவுடரோட மட்டும் வினிகர கலந்துராதீங்க, குளோரின் கேஸ் வரும், வெளையாட்டு இல்ல.

எதுல கழுவுனாலும் ஒட்டப் பிழிஞ்சு வெயில்ல காயப் போடுங்க, வெயிலுக்கு நம்மூர்ல பஞ்சமா. நாலா பிஞ்சு தொங்குறத போட்டு கொதிக்க வச்சுக்கிட்டு இருக்காம புதுசு வாங்கிருங்க.